பதினேழு கேள்வியும் ஒரு நொண்டிக் காலும்

மனச்சோர்வுப் பரீட்சையில் என் மச்சான் தேசப்பன் முதல் தடவை எடுத்த மார்க் மூன்று. மொத்தம் ஐம்பத்திரண்டு. பதினெட்டு எடுத்தால்தான் நோயாளி. பதினைந்து மார்க்கில் கோட்டை விட்ட மனிதர், அந்தக் கவலை கொஞ்சமும் இல்லாமல், செங்கல்பட்டு அரசாங்க ஆசுபத்திரி வேப்பமரத்தடியில் நின்று பஸ் வரும் திசைக்கு எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் கணக்கில் பெயிலானவர்கள் உண்டு, இங்கிலீஷில் பெயிலானவர்கள் உண்டு. நோயில் பெயிலானவர் அவர்தான் முதல்.

அவர் என் அக்கா அமிர்தவல்லியின் புருஷன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பஸ் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைக்கிற எங்கள் குப்பத்தில், பக்தவச்சலம் பெரியப்பாவின் கட்டுமரத்தில் நாலு பேர். பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டுத் திசை பார்ப்பவர் மச்சான். தண்ணீரின் நிறத்தை வைத்தே கீழே என்ன மீன் என்று சொல்வார். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருஷம். வஞ்சிரத்துக்கு ஸ்கோம்பரோமோரஸ் என்று பெயர் இருப்பது கல்லூரியில்தான் தெரிந்தது. அதுவரை அறியாமையில் தின்றிருக்கிறேன். மச்சானுக்கு அந்தப் பெயர் இன்றும் தெரியாது, மீன் மட்டும் கிடைக்கும். திட்டுவதில் எங்கள் கரையில் அவருக்கு இணை கிடையாது. கல்லூரியில் எனக்கு இருந்த மரியாதையில் முக்கால்வாசி அவரிடம் கற்ற வார்த்தைகளால் வந்தது.

அந்த மனிதர் எழுபத்து நாலாம் வருஷம் பொங்கல் கழித்து மூன்றாம் நாள் கடலுக்குப் போகவில்லை. நாலாம் நாளும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "போவல" என்பார். அது எங்களுக்கே தெரிந்த விஷயம்.

எங்கள் கரையில் ஒரு கட்டு உண்டு, ஊர்க் கட்டுப்பாடு. காய்ச்சல், காமாலை, எலும்பு முறிவு என்று ஒருவன் படுத்துவிட்டால் அவன் துடுப்பு மட்டும் கட்டுமரத்தில் போகும். அவன் இடத்தில் அதைக் கட்டி வைப்பார்கள். வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். எத்தனை மாசமானாலும் அந்த இடம் அவனுடையது. ஆனால் நோவு இல்லாமல் சும்மா நின்றுவிட்டவனுக்கு மூன்று அமாவாசைதான் கெடு. மூன்றாவது அமாவாசையன்று துடுப்பைக் கொண்டுவந்து அவன் வாசலில் தலைகீழாகச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு எங்கள் குப்பத்தில் எந்த மரத்திலும் அவனை ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இதுவரை யாரும் ஏற்றியதில்லை.

தை அமாவாசை போயிற்று. மாசி அமாவாசை போயிற்று. பங்குனிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

"எங்கடா வலிக்குதுன்னு கேட்டா எங்கியும் வலிக்கலன்றான்" என்றார் பக்தவச்சலம் பெரியப்பா. "வலியே இல்லாத நோவு இன்னா நோவுடா? நீதான் படிச்சவனாச்சே, சொல்லு."

"தெரியல பெரிப்பா."

"எங்களுக்கும்தான் தெரியல. அதுக்கு எதுக்குப் படிக்கணும்? பெரிய ஆசுபத்திரில நோவுன்னு சீட்டு குடுத்தா எடுத்துகினு வா. இல்லன்னா கட்டு கட்டுதான்."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். பெரியப்பாவுக்குக் கால் ஊனம். புயல் வருஷத்தில் வந்தது. அது இடது காலா வலது காலா என்பதில் மட்டும் குப்பத்தில் கருத்து வேறுபாடு உண்டு. நானே இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

மச்சானுக்கு என்ன என்று கண்டுபிடிக்க ஊரே உழைத்தது. ஏவல் என்றார்கள். கல்பாக்கத்து அணு உலைக் கட்டட வேலைக்குப் போகப் பார்க்கிறான் என்றார்கள். கோவளம் தர்காவில் மந்திரித்த கயிறு, அங்கேயே மாதா கோயில் எண்ணெய், எங்கள் எல்லையம்மன் விபூதி எல்லாம் ஒரே கையில் ஏறின. அந்தக் கையைப் பார்த்தால் தேச ஒற்றுமை பற்றிக் கட்டுரை எழுதலாம். கையின் சொந்தக்காரர் வலையை மடியில் போட்டுக்கொண்டு ஒரே கண்ணியை அவிழ்ப்பதும் முடிச்சுப் போடுவதுமாக உட்கார்ந்திருந்தார்.

அக்கா தன் வழியில் ஒரு பரிசோதனை செய்தாள். நாலு நாள் மீன் குழம்பில் உப்பே போடவில்லை. முன்பெல்லாம் ஒரு கல் உப்பு குறைந்தால் சட்டி வாசலுக்கு வரும்.

"ஒரு வார்த்த சொல்லலடா. துன்னுட்டு கை கழுவிகினு பூட்டாரு" என்றாள்.

"எனக்கும் அதே கொயம்புதான ஊத்தின?"

"பரிட்சைன்னா எல்லாரும்தான் கஷ்டப்படணும்."

பிறகுதான் ஆசுபத்திரி. அங்கே முதல் டாக்டர் நாக்கைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், ஒன்றும் கிடைக்காததால் "மனநலம், வியாழன்" என்று எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை எனக்கு முதுகெலும்பற்றவை பாடம். போகவில்லை.

டாக்டர் தெய்வநாயகிக்கு நாற்பது வயது இருக்கும். எதைச் சொன்னாலும் ஆச்சரியப்படாத முகம். ஸ்டென்சில் வைத்து உருட்டிய தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மனசு எப்படி இருக்கு?"

"கீதுங்க."

"ராத்திரி தூக்கம்?"

"படுப்பேங்க."

"காலைல எத்தனை மணிக்கு முழிப்பு வருது?"

"மூணுங்க."

டாக்டர் பேனாவைத் தூக்கினார். மச்சான் அவசரமாக, "எங்காண்ட எல்லாருமே மூணுதாங்க" என்றார். பேனா இறங்கிவிட்டது.

"வேலை செய்யப் பிடிக்குதா?"

"செய்யணுமேங்க."

பதினாலாவது கேள்வி குடும்ப வாழ்க்கை சம்பந்தப்பட்டது. மச்சான் கூரையைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். டாக்டரே ஒரு எண் போட்டுக்கொண்டார். கூட்டினால் மூன்று.

"இந்தத் தாள்படி இவருக்கு ஒண்ணுமில்லை" என்றார் டாக்டர். ஆனால் தாளைப் பார்க்காமல் மச்சான் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடுத்த வியாழன் கூட்டிட்டு வா. நானே இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன்."

நான் அதை மறுதேர்வு என்று புரிந்துகொண்டேன். கல்லூரி மாணவனுக்கு வேறு எப்படிப் புரியும்? எழுந்திருக்கும்போது மேஜையிலிருந்த அதே மாதிரித் தாள்களில் ஒன்று என் விலங்கியல் நோட்டுக்குள் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று ஆராய எனக்கு நேரமில்லை.

கேள்வித்தாள் கையில் இருந்தது. எது எதற்கு எத்தனை மார்க் என்பதும் அதிலேயே இருந்தது. சாமி எத்தனை கருணையுள்ளவர் என்று தோன்றிற்று. மச்சானுக்குப் பாடம் எடுப்பதற்கு முன், தாள் சரியாக வேலை செய்கிறதா என்று ஊரில் சோதித்துப் பார்ப்பது முறை. மூன்றாவது கேள்வி சாவு சம்பந்தப்பட்டது. கடலுக்குப் போகிறவர்களிடம் அதைக் கேட்பது அபசகுனம். அதை விட்டுவிட்டு மற்ற பதினாறையும் கேட்டேன்.

நீலமேகம், மச்சானுடைய மரத்து ஆள், வலை உதறிக்கொண்டே எழுதினான். எழுதினான் என்றால் வாயால். "குத்தம் பண்ணிட்டோம்னு மனசு அடிச்சுக்குதா?" என்றேன். "போன வாரம் உங்க அக்கா கூடைலேர்ந்து ரெண்டு றாலு எடுத்தேன்" என்றான். இரண்டு மார்க். விடியுமுன் விழிப்பு, இரண்டு. இளைத்துவிட்டானா, இளைத்துவிட்டான், இரண்டு. மொத்தம் இருபத்து நாலு. கருவாடு விற்கும் மாரியம்மாவிடம் பதினாலாவது கேள்வியைக் கேட்டபோது கருவாட்டுக் கூடை என் தலையில் கவிழ்ந்தது. எரிச்சல் என்ற தலைப்பில் முழு மார்க் போட்டேன். முப்பத்தொன்று. பக்தவச்சலம் பெரியப்பா இருபத்தொன்பது.

"இருவத்தொம்போதுன்னா பாஸா?" என்றார்.

"பதினெட்டு எடுத்தாலே பாஸு பெரிப்பா."

"அப்ப எனக்குத்தான சீட்டு குடுக்கணும்?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

தாள்படி எங்கள் குப்பம் முழுவதும் படுத்த படுக்கையாக இருக்க வேண்டும். எல்லாரும் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். குப்பத்தில் ஆரோக்கியமான ஒரே ஆள், எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதா வேண்டாமா என்று அரைமணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்த என் மச்சான். எனக்குத் தலை சுற்றியது. ஆனால் பரீட்சை என்றால் அப்படித்தான். எங்கள் கல்லூரியிலும் விஷயம் தெரிந்தவன் பெயிலாவதும் தெரியாதவன் பாஸாவதும் சகஜம். டியூஷன்தான் வழி.

மத்தியானம், மரங்களைக் கழற்றிக் காயப்போட்டிருந்த இடத்தில், ஒரு படகின் நிழலில் வைத்து ஆரம்பித்தேன்.

"ராத்திரி தூக்கம் எப்டின்னு கேட்டா?"

"வர்லன்னு சொல்லணும்."

"எப்ப முழிப்பு வருது?"

"ஒரு மணி. அப்பால தூக்கம் இல்ல. கூரைல எத்தினி கீத்துன்னு எண்ணிகினு கெடப்பேன்."

"கீத்து எண்றத நான் சொல்லிக் குடுக்கலயே மச்சான்."

"சேத்துகினேன்."

சொந்தமாகச் சேர்க்கிற மாணவனை எந்த வாத்தியாருக்குத்தான் பிடிக்காது? தட்டிக்கொடுத்தேன்.

"வேலைல புடிப்பு?"

"இல்ல. வலைய கைல எடுத்தா வேற எவனோட வலையோ மாரி கீது. துன்ற சோறும் அப்டித்தான்."

"பிரமாதம் மச்சான். முப்பது தாண்டிடுவ."

இப்படியே பதினாறும் முடிந்தது. பிறகு தயங்கித் தயங்கி மூன்றாவதற்கு வந்தேன்.

"இன்னும் ஒண்ணு கீது. சொம்மா வாயால சொல்றதுதான், மனசுல வெச்சுக்காத. செத்துட்டா தேவலன்னு தோணுதுன்னு சொல்லணும். நாலு மார்க்கு."

மச்சான் மணலில் கிடந்த நண்டு ஓடு ஒன்றைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"அத சொல்லிக் குடுக்க வாணாம்டா" என்றார்.

"அங்க போயி மறந்துடுவ மச்சான்..."

"மறக்காது."

அலைச் சத்தம் கேட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அலைச் சத்தம் கேட்பது எனக்குப் பழக்கமில்லை.

"பொங்கலுக்கு மறாநாளு" என்றார். யாரோ தூரத்து உறவுக்காரனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "கரை மறைஞ்ச எடத்துல வலைய எறக்கிட்டு குந்திகினு இருந்தோம். நீலமேகம் இன்னாவோ பாடிகினு இருந்தான். நான் தண்ணிய பாத்தேன். எறங்கிட்டா இன்னான்னு இருந்துது. பயமே இல்லடா. அதான் பயமா பூட்ச்சி."

நண்டு ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் எறங்குனா அந்த மூணு பேரும் சொம்மா இருப்பானுங்களா? தேடிகினு குதிப்பானுங்க. இஸ்துகினு பூடும். நீலமேகத்துக்கு இப்பத்தான் கொயந்த பொறந்துகீது. அதான் மரத்துல ஏறல." நண்டு ஓட்டைக் கீழே வைத்தார். "அமிர்தத்தாண்ட சொல்லாத. யாராண்டயும் சொல்லாத, உலகு."

என்னிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். உலகநாதன் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும் என்று பெயர். அன்று பேனாவைத்தான் திறந்தேன். தாளில் மூன்றாம் எண்ணுக்கு எதிரே நாலு என்று எழுதினேன். அடித்தேன். அடித்ததும் தப்பாகத் தெரிந்தது. தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் மச்சான் போன இடமெல்லாம் போனேன். டீக்கடைக்குப் போனால் டீக்கடை. சவுக்குத் தோப்புக்கு ஒதுங்கப் போனாலும் பத்தடி தள்ளி நின்றேன். "ஏண்டா, இதுக்குமா கேள்வித்தாளு?" என்றாள் அக்கா. சிரித்தேன். அவளிடம் சொல்வது துரோகமா, சொல்லாதது துரோகமா என்று விளங்கவில்லை. விளங்காத விஷயத்தில் பின்னாலேயே நடப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை மச்சான் டாக்டர் முன்னால் நாற்காலியில் உட்கார மறுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒப்பிக்க அதுதான் வசதி.

"மனசு எப்படி இருக்கு?"

"பாரமா கீதுங்க. அழுவ வருது, அழ முடில. நாலு மார்க்குங்க."

நான் இருமினேன். இரண்டாவது கேள்விக்கும் தப்பில்லாமல் சொன்னார். மூன்றாவது வந்தது.

"உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்னு எப்பவாவது தோணுதா?"

"சேச்சே. அதெல்லாம் இல்லீங்கம்மா."

பிறகு நாலாம் கேள்வியிலிருந்து மறுபடி பதில் மழை. ஏழாம் கேள்விக்கு டாக்டர் வாயைத் திறக்குமுன் எட்டாவதற்கும் பதில் வந்துவிட்டது. டாக்டர் நிதானமாகக் கூட்டினார்.

"நாற்பத்தொண்ணு. இந்த எண் வர்றவங்களை ரெண்டு பேர் தாங்கிக் கூட்டிட்டு வருவாங்க. இவர் திருக்குறள் மாதிரி ஒப்பிக்கிறார்." என்னைப் பார்த்தார். "தம்பி, போன வாரம் என் தாள்ல ஒண்ணு குறைஞ்சுது."

"நான் விலங்கியல் மேடம்" என்றேன். அது எப்படிப் பதிலாகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"சீட்டு வேணும், அதுக்குத்தானே?"

"ஆமா மேடம்."

"வெளில உண்மையான நோயோட அம்பது பேர் நிக்கிறாங்க. நடிக்கிறவங்களுக்கு நான் சீட்டு எழுதறதில்லை." பேனாவை மூடினார்.

மச்சான் உடனே கும்பிட்டார். அவருக்கு அது நிம்மதி என்று பார்த்ததும் தெரிந்தது. இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். துடுப்பு வாசலுக்கு வரும். கதை முடியும். எந்தக் கதை என்று நினைத்ததும் மச்சானுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"மேடம்" என்றேன். "நான் சொல்லிக் குடுத்ததை எல்லாம் சொன்னாரு. மூணாவது கேள்விக்கு மட்டும் நான் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கலை. அதை மட்டும்தான் இல்லைன்னுட்டாரு."

"உலகு" என்றார் மச்சான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டர் பேனாவைத் திறக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தார். "வேற என்ன மாறியிருக்கு? இவர்கிட்ட. ஊரை விடு."

நான் உப்பைப் பற்றிச் சொன்னேன். கீற்று எண்ணுவதை, ஒரே கண்ணியை, திட்டாமல் இருப்பதை. சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று உறைத்தது. டியூஷனில் அவர் ஒன்றைக்கூட மனப்பாடம் செய்யவில்லை.

"நாலு நாள் உப்பில்லாமச் சாப்பிட்டாரா?" டாக்டர் முகத்தில் முதல் தடவையாக ஓர் ஆச்சரியம். "அதை யார் கண்டுபிடிச்சது?"

"எங்க அக்கா. மீன் விக்கறாங்க."

"தாள்ல இல்லாத கேள்வி. மூணு மணிக்கு எழுந்திருக்கறது நோயில்லை தம்பி. முன்னாடி எழுந்து என்ன செஞ்சார், இப்ப எழுந்து என்ன செய்யறார், அதைத்தான் நான் போன வாரமே கேட்டிருக்கணும். நீ வெளில இரு."

கதவு மூடியது. முக்கால் மணி நேரம் திறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மச்சானும் இன்றுவரை சொன்னதில்லை. என்னைக் கூப்பிட்டபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கண் சிவந்திருந்தது, கையில் டாக்டரின் தண்ணீர் டம்ளர்.

"இவர் சோம்பேறியும் இல்லை, இவருக்கு ஏவலும் இல்லை. இது நோய், மருந்து இருக்கு" என்றார் டாக்டர். "மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி வாய் உலரும், மலச்சிக்கல் வரும். சரியாகலைன்னு நிறுத்திடாதே. மாத்திரை உங்க அக்கா கையில இருக்கணும், இவர் கையில வேண்டாம். வாரா வாரம் வந்து வாங்கிக்கணும். தனியா விடாதீங்க. ஆறு வாரம் கடல் கிடையாது. இங்கேயே சேர்த்துக்கறேன்னு சொன்னேன், வூட்டாண்ட இருக்கேன்னு கெஞ்சறார். மோசமாச்சுன்னா நடுராத்திரியானாலும் இங்கே கூட்டிட்டு வரணும்."

"சரியாயிடுமா மேடம்?"

"பெரும்பாலும்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ரொம்ப நாளாக யாரும் அவ்வளவுகூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை மச்சான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் "டிக்கட் எடுத்தியா?" என்றார். எடுத்துவிட்டேன் என்றேன். அதோடு சரி.

அக்காவிடம் மாத்திரையையும் விஷயத்தையும் கொடுத்தேன். முந்தானையில் மாத்திரையை முடிந்துகொண்டாள். "எனக்குத் தெரியும்டா. பேருதான் தெரியல" என்றாள். பிறகு அடுப்பங்கரைக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே கழுவினாள்.

மறுநாள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு பக்தவச்சலம் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். மரத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலு துடுப்பு. மூன்றின் பிடி கைபட்டு வழவழவென்றிருந்தது. ஒன்றின் பிடியில் உப்பு பூத்திருந்தது.

"இங்கிலீசா?" என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா நோவுன்னு போட்டுகீது?"

இங்கேதான் நான் மறுபடி மாட்டிக்கொண்டேன். நோவு என்றால் துடுப்பு மரத்தில் இருக்கும். ஆனால் சாவு நினைப்பு உள்ளவனைக் கடல் விடாது, கூட இருப்பவனையும் சேர்த்துக் கேட்கும் என்பது எங்கள் கரை நம்பிக்கை. அப்படிப்பட்டவனை மட்டுமல்ல, அவன் துடுப்பைக்கூட ஏற்ற மாட்டார்கள். நோவு என்று நிரூபித்தாகிவிட்டது. என்ன நோவு என்று சொன்னால் இடம் போய்விடும்.

"மனசு சம்பந்தப்பட்ட நோவு பெரிப்பா."

"மனசுல இன்னா?"

"சோர்வு."

"எனக்குந்தான் சோர்வு. இருவத்தொம்போது குடுத்தியே." கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தினி கேள்வி அதுல?"

"பதினேழு."

"எனக்குப் பதினாறுதான் கேட்ட. நான் எண்ணிகினேதான் இருந்தேன். அந்த ஒண்ணு இன்னா?"

"அது வேணாம் பெரிப்பா."

"கேள்றா."

கேட்டேன். சொற்களை எவ்வளவு மென்மையாக மாற்றினாலும் கேள்வி அதேதான். பெரியப்பா தண்ணீரைப் பார்த்தார்.

"தேசப்பன் ஆமான்னானா?"

நான் மணலைப் பார்த்தேன். மணலைப் பார்ப்பதும் ஒரு பதில் என்று அப்போது தெரியவில்லை.

"பொயலு வருசம்" என்றார் பெரியப்பா. "மரம் பூட்ச்சி, தம்பி பூட்டான். ரெண்டு மாசம் எனக்குக் கடல பாக்க முடில. பாத்தா போவணும் போல இருந்துது, திரும்பி வராம. சொன்னா துடுப்ப கொண்டாந்து வாசல்ல சாத்திடுவானுங்க. இன்னா பண்றது? கல்லுல வியுந்து காலு பூட்ச்சின்னு சொல்லிட்டேன்."

எனக்குப் புரிய நேரமாயிற்று.

"அப்ப அந்தக் காலு?"

"காலுக்கு இன்னா, நல்லாத்தான் கீது. ரெண்டு மாசம் நொண்டினேன். அப்பால ஒரு நாளு மரத்துல ஏறிட்டேன். நொண்டறத நிறுத்துனா ஊரு கேக்குமே. எட்டு வருசமா நொண்டிகினு கீறேன். எந்தக் காலுன்னு சமயத்துல எனக்கே மறந்து பூடுது."

எட்டு வருஷம். குப்பமே வாதாடிய விஷயம். நான்கூட அவரைப் பற்றிக் கல்லூரியில் ஒரு நகைச்சுவை சொல்லி வைத்திருந்தேன். அது இனிமேல் நகைச்சுவையா இல்லையா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

பெரியப்பா சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இது என்னாண்ட இருக்கட்டும். ஊருக்குக் காலுன்னு சொல்லு. ஆசுபத்திரில கட்டு போட்டு அவுத்துட்டாங்க, உள்நோவுன்னு சொல்லு. துடுப்பு மரத்துலயே இருக்கும்."

"பெரிப்பா, அவ்ளோ பாடுபட்டு உண்மைய..."

"உண்மைய எனக்குச் சொல்லிட்ட இல்ல? போதும். நாலு பேரு ஏறுற மரத்துல ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும். மாத்திரைய மட்டும் வுட்றாதீங்க. எனக்கு அப்ப மாத்திரை கெடைக்கல."

மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன். "நான் எழுதினது மனசுக்கு" என்றார். சற்று யோசித்து, "எட்டு வருஷமா?" என்றார். "அவரையும் ஒரு வியாழக்கிழமை கூட்டிட்டு வா" என்றார். பெரியப்பா வரவில்லை. கால் வலிக்கிறது என்றார்.

பங்குனி அமாவாசை வந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துடுப்பு வரவில்லை. முதல் இரண்டு வாரம் மச்சானுக்கு நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அக்காவே ஒரு தடவை சொன்னாள். நான் "பெரும்பாலும்" என்றேன். மூன்றாம் வாரம் ஒரு நாள் கீற்றுகளை எண்ணுமுன் தூங்கிவிட்டதாகச் சொன்னார். நாலாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மறுபடி பயம் வந்தது. டாக்டர், "ஏறும், இறங்கும். கடல்காரங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

ஐந்தாம் வாரம் ஒரு மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழையும்போது ஒரு சட்டி வாசலைத் தாண்டி வந்து என் காலடியில் உடைந்தது.

"இன்னாடி கொயம்பு இது? உப்பு போட்டியா, இல்ல கடல காட்டிட்டு எடுத்துகினு வந்தியா?" தொடர்ந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது. நான் அவற்றைப் பயபக்தியோடு கேட்டேன்.

அக்கா கதவருகில் சாய்ந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "உப்பு போட்டுதாண்டா இருந்தேன்" என்றாள்.

அடுத்த வியாழன் டாக்டர் தாளை எடுத்தார். மெதுவாக, நடுவில் வேறு வேறு கேட்டு, மூன்றாவது கேள்விக்கு நெடுநேரம் நின்று கேட்டார். மச்சான் இந்தத் தடவை "சேச்சே" என்று சொல்லவில்லை. "அப்பப்ப வருதுங்க. வந்தா அமிர்தத்தாண்ட சொல்லிட்றேன்" என்றார். மொத்தம் ஒன்பது. போன மாசம் மூன்று எடுத்ததைவிட ஆறு மார்க் கூட. கூடினால் மோசம் இல்லையா என்று கேட்டேன். டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "நீ விலங்கியலையே படி" என்றார். மாத்திரையை மாசக்கணக்கில் சாப்பிட வேண்டும், ஆறு வாரம் முடிந்ததும் கடலுக்குப் போகலாம், ஆனால் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்.

ஆறு வாரம் முடிந்த அன்றைக்கு நான் கல்லூரிக்குப் போகவில்லை. விடியுமுன் கரையில் நின்றேன். பெரியப்பா மச்சானைப் பின்னால் உட்கார விடவில்லை. "நடுவுல குந்து. என் கண்ணுக்கு முன்னால" என்றார். "எட்டு வயசுப் பையனா நானு?" என்று மச்சான் கத்த, "எட்டு வயசுப் பையன் இவ்ளோ பேசமாட்டான் அண்ணாத்த" என்றான் நீலமேகம். மரம் அலை தாண்டிப் போயிற்று.

பத்து மணிவரை நின்றேன். கூடவே அக்காவும் நின்றாள், கூடையோடு. யாவாரத்துக்கு நிற்பதுபோல. தூரத்தில் மரம் தெரிந்ததும் எண்ணினேன். மூன்று தலைதான் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினேன். மூன்று. அக்கா என் கையைப் பிடித்தாள். அலை மரத்தைத் தூக்கிற்று. நடுவில் குனிந்து வலையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு முதுகு நிமிர்ந்தது. நாலு.

மரம் மணலில் ஏறியது. மச்சான் துள்ளிக் குதித்து இறங்கி, துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று எங்களை நோக்கி நடந்தார்.

"டேய் தேசப்பா, காலு! காலு!" என்று பின்னாலிருந்து அடிக்குரலில் கத்தினார் பெரியப்பா.

மச்சான் நின்றார். ஒரு கணம் யோசித்தார். பிறகு இடது காலை இழுத்து நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே பெரியப்பாவும் வந்தார். அன்றைக்கு அவருக்கு வலது கால்.